காப்பெற் வீதியும் கட்டாக்காலி மாடும்



வீதி விபத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "தலைக்கவசம் போடு, மெதுவாகப் போ என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதானே, அதற்கு ஒரு மணி நேரம் எதற்கு?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீதிப் பாதுகாப்பு வாரம் என்று நாம் கொண்டாடுவது அதைத்தான். பதாகை, ஊர்வலம், துண்டுப்பிரசுரம், பாடசாலையில் ஒரு சித்திரப் போட்டி. அடுத்த வாரமே ஒருவர் வீதியில் இறந்துபோனால் "வேகக் கட்டுப்பாட்டை இழந்து" என்று பத்திரிகையில் நான்கு வரி வரும். திடீர் மரண விசாரணை முடிந்து பிரேதம் வீட்டுக்கு வரும். இறந்தவர் தன் இறப்புக்குத் தானே காரணம் என்று ஊர் முடிவு கட்டிவிடும். அந்த முடிவோடு நாம் நின்றுவிடுகிறோம் என்பதுதான் என் கவலை. இன்று அதற்கு அப்பால் கொஞ்சம் நடந்து பார்க்கலாம்.

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பழைய பாலம் 1990இல் போரில் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டில் தலைமன்னார் ரயிலும் நின்றது. யப்பானிய அரசின் நன்கொடையில் கட்டிய புதிய பாலமும், அகலப்படுத்திய தாம்போதியும் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் வந்தது. ஏ-32 வீதியால் பூநகரி ஊடாக யாழ்ப்பாணம் போவது மறுபடி கைகூடியது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரும் ஏ-14 காப்பெற் ஆனது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயிலும் வந்து சேர்ந்தது. இருபது ஆண்டுகள் துண்டிக்கப்பட்டுக் கிடந்த ஒரு மாவட்டம் ஐந்தே ஆண்டுகளில் நான்கு திசைக்கும் திறந்தது. கர்ப்பிணியைக் கொண்டுபோக, மீனை ஐஸ் கரையுமுன் கொழும்புக்கு அனுப்ப, பிள்ளை பல்கலைக்கழகம் போய்வர அந்த வீதி என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் பழைய வீதியில் ஒரு வேகக்கட்டுப்பாடு இருந்தது. அதை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை, குழிகளும் சோதனைச் சாவடிகளும் விதித்தன. குழிகளை மூடினோம், சாவடிகளை எடுத்தோம், இரண்டும் நல்ல காரியம். அவை தடுத்துவைத்திருந்த வேகத்துக்குப் பதிலாக என்ன வைத்தோம்? முருங்கனிலிருந்து தள்ளாடி நோக்கி வரும்போது கண்ணுக்கெட்டிய தூரம் வளைவே கிடையாது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அப்படிப்பட்ட வீதியில் 70 கிலோமீற்றர் வேகம் ஊர்ந்து போவது போலத்தான் இருக்கும். சாரதியின் காலை வீதியே அழுத்துகிறது.

நமது சட்டப்படி காரும் மோட்டார் சைக்கிளும் குடிமனைப் பகுதியில் 50, அதற்கு வெளியே 70 வரை ஓடலாம். ஓட்டோவுக்கு எங்கும் 40தான். (ஓட்டோக்காரர்கள் சிரிப்பது கேட்கிறது.) இந்த 50க்கும் 70க்கும் இடையில் உள்ள வேறுபாட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்வரிசையில் இருக்கும் பாடசாலைப் பிள்ளைகள் பௌதிகத்தில் படித்ததுதான்.

உலர்ந்த வீதி, நல்ல பிரேக், விழிப்பான சாரதி என்றே வைத்துக்கொள்வோம். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி போகிறது. 50இல் வருபவர் அந்த விநாடியில் 14 மீற்றர் கடப்பார், பிறகு இன்னொரு 14 மீற்றரில் நிற்பார். ஆக 28 மீற்றர். 70இல் வருபவர் நிற்க 46 மீற்றர் வேண்டும். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 50இல் வந்தவர் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில், 70இல் வந்தவர் இன்னும் 55க்கு மேற்பட்ட வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். ஒருவர் மாட்டுக்கு முன்னால் நின்று அதைத் திட்டிவிட்டுப் போகிறார், மற்றவர் மாட்டின் மேல் போய் மோதுகிறார். இருவருக்கும் கவனம் ஒன்றுதான்.

இரவில் எதிரே வாகனம் வரும்போது டிம் லைட்டில் தெரிவது ஏறக்குறைய 40 மீற்றர். மங்கிய விளக்குள்ள பழைய மோட்டார் சைக்கிளில் அதுவும் இல்லை. அதாவது சட்டம் அனுமதித்த 70இல், சட்டத்தை மீறாமல், குடிக்காமல், தூங்காமல் வருகிற ஒருவரும் இரவில் தார் வீதியில் படுத்திருக்கும் கறுத்த எருமைக்கு முன் நிற்க முடியாது. இதைக் கவனயீனம் என்று எழுதுவது எளிது. ஆனால் 70 என்ற எண்ணை எழுதியவர் யார், அந்த இடத்தில் மாடு படுத்திருந்தது ஏன் என்ற இரண்டு கேள்விகளும் அந்த அறிக்கையில் வருவதில்லை.

மாடு அங்கே படுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் பெரும்போகம் தொடங்கியதும் வயல் நிலங்களிலிருந்து கால்நடைகளை வெளியேற்றவேண்டும். விதைப்புக் காலக் கூட்டங்களில் திகதி குறித்து அறிவிப்பார்கள். வெளியேறிய மாடு எங்கே போகும்? ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் தரை வேண்டும் என்று கால்நடை வளர்ப்போர் கேட்டுக்கேட்டுக் களைத்துவிட்டார்கள். காட்டுப் பக்கம் வனத்துறை தடுக்கிறது, வயல் பக்கம் விவசாயி தடுக்கிறார். மிஞ்சுவது வீதியோரம். மழைக்காலத்தில் நிலமெல்லாம் ஈரமாய்க் கிடக்க, பகல் வெயிலின் சூடு சற்றே தங்கியிருக்கும் மேடான உலர்ந்த இடம் காப்பெற் வீதி ஒன்றுதான். மாட்டுக்கு அது தெரியும்.

நாம் இதற்குச் செய்யும் வைத்தியம், பிரதேச சபை கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துக் கட்டுவதும் உரிமையாளருக்குத் தண்டம் விதிப்பதும். சில நாள் பலன் இருக்கும். பிறகு மாட்டைக் கட்டிவைத்துத் தீனி போடச் சபையிடம் பணம் இருக்காது. மேய்ச்சல் தரை என்பது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கோப்பில் இல்லை, போக்குவரத்துப் பொலிஸின் கோப்பிலும் இல்லை. காணி, வனம், விவசாயம், கால்நடை என்று நான்கு திணைக்களங்களின் கோப்புகளில் அது சிதறிக் கிடக்கிறது. ஆனால் மன்னாரில் வீதி மரணத்தைக் குறைக்கும் வேலைகளில் ஒன்றாக மேய்ச்சல் தரை ஒதுக்குவதை நான் தயங்காமல் சேர்ப்பேன்.

தீவுக்குள் வந்தால் மாட்டின் இடத்தைக் கழுதை எடுத்துக்கொள்கிறது. மன்னார் நகரச் சந்தியில் கழுதையைப் படம்பிடிக்காமல் எந்தச் சுற்றுலாப் பயணியும் போவதில்லை. அராபிய வணிகர் கொண்டுவந்தவை என்பார்கள், இன்று பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளர் கிடையாது. உரிமையாளர் இல்லாத விலங்குக்குத் தண்டம் எழுதவும் முடியாது. அடிபட்ட கழுதைகளுக்குச் சிகிச்சை தர 'பிரிட்ஜிங் லங்கா' என்ற அமைப்பு இங்கே ஒரு நிலையமே நடத்தியது. கழுதைக்கு அந்த அடியைக் கொடுத்த மோட்டார் சைக்கிளில் இருந்தவர் என்ன ஆனார் என்பதையும் நாம் கேட்கவேண்டும்.

மாசி, பங்குனியில் இன்னொன்று. நெல் அறுத்து முடிந்ததும் நானாட்டான் பக்கமும் உயிலங்குளம் பக்கமும் வீதியின் பாதி நெற்களமாகிவிடும். காயப்போட்ட நெல்லின் மேல் வாகனம் ஏறாமலிருக்க விளிம்பில் கல்லை அடுக்குவார்கள், மரக்குற்றி போடுவார்கள். மாலையில் நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், கல் அங்கேயே கிடக்கும். இருட்டியபின் அந்தக் கல்லில் முன்சில்லு ஏறிய கதை இந்த மண்டபத்தில் பலருக்குத் தெரிந்திருக்கும். விவசாயியை ஏசிப் பயனில்லை. ஈர நெல்லைக் கொண்டுபோனால் வியாபாரி விலையைக் குறைப்பார், உலர்த்த ஊரில் சீமெந்துக் களம் இல்லை. ஊருக்கு ஒரு உலர்த்துகளம் கட்டும் செலவை வீதிப் பாதுகாப்புச் செலவாகக் கணக்கில் எழுத நமது நிர்வாகத்தில் இடமே இல்லை.

ரயில் கடவைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் ரயிலே ஓடாத பாதையின் மேல் ஒரு தலைமுறை மிதிவண்டி ஓட்டிப் பழகியிருந்தது. பாதை திரும்பி வந்தபோது கடவைகளுக்கெல்லாம் கேற் வரவில்லை. நமது மாகாணத்தில் காப்பாளர் இல்லாத கடவைகளில் பொலிஸ் ஊடாக ஊழியர்களை நிறுத்தினார்கள். அவர்களுக்குக் கொடுத்த படி நாளொன்றுக்கு 250 ரூபாய். தகரக் கொட்டிலும் ஒரு கொடியும்தான் அவர்களுக்குத் துணை. நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் வீதியில் இறங்கியது பல முறை. 2021 மார்ச்சில் தலைமன்னார்த் துறைப் பகுதிக் கடவையில் தனியார் பஸ் ஒன்று ரயிலுடன் மோதியது. ஒரு மாணவன் இறந்தான், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள், அவர்களிலும் பள்ளிப் பிள்ளைகள் பலர். யாரைக் கைது செய்தார்கள் என்பதே அப்போது பேச்சாக இருந்தது. 250 ரூபாயைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை.

இனி நாட்டுக் கணக்குக்கு வருகிறேன். உலக வங்கி 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி இலங்கையில் ஆண்டுக்குச் சராசரியாக 38,000 விபத்துகள், ஏறக்குறைய 3,000 மரணங்கள், 8,000 பாரிய காயங்கள். 2016 முதல் 2018 வரை மூன்று ஆண்டுகளும் மரணங்கள் 3,000ஐ ஒட்டியோ தாண்டியோ இருந்தன. 2020 முதல் 2024 வரை 2,300க்கும் 2,600க்கும் இடையில் இறங்கி நின்றன. இது முன்னேற்றமா என்று கேட்டால், முன்னேற்றம்தான், ஆனால் எவருடைய சாதனை என்று சொல்வதில் அவசரம் வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். கொரோனா முடக்கம் வந்தது. 2022இல் எரிபொருள் வரிசை, கியூ.ஆர். கோட்டா. வீதியில் வாகனமே குறைந்துபோன அந்த ஆண்டிலும் இறந்தவர்கள் 2,500ஐ ஒட்டியே இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறந்தது. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். புதிதாக வருபவற்றிலும் அவையே அதிகம் இருக்கும். நாம் அடைந்ததாக நினைக்கும் முன்னேற்றத்துக்குப் பரீட்சை இனிமேல்தான்.

சட்டம் சும்மா இருந்தது என்றும் சொல்லமாட்டேன். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. 1998இல் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபைக்கு அதில் இடம் வந்தது. முன் இருக்கைகளுக்கு இருக்கைப் பட்டி 2011 ஒக்டோபரில் கட்டாயமானது. தலைக்கவசம் பழக்கமாகிவிட்டது, அது மரண ஆபத்தை 42 சதவீதம் குறைக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் ஊரில் அது கண்ணாடியில் தொங்கி, பொலிஸ் நிற்கும் சந்திக்குச் சற்று முன்பு தலைக்கு ஏறுவதும் உண்டு, அதன் பட்டியைப் பூட்டுவோர் குறைவு என்பதும் உண்மை. 2016 இறுதியில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டுவது, குடித்து ஓட்டுவது, ரயில் கடவையில் பொறுப்பின்றி ஓட்டுவது போன்ற சில குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபாய் என்று வரவு செலவுத் திட்டத்தில் சொன்னபோது தனியார் பஸ்கள் வேலைநிறுத்தம் செய்தன. தண்டம் பெரிதாவதால் மட்டும் பயம் வராது, பிடிபடுவோம் என்ற நிச்சயம் இருந்தால்தான் வரும் என்பது என் கருத்து. 25,000 ரூபாய்த் தண்டம் எழுதும் பொலிஸ்காரர் மாதத்தில் ஒருநாள்தான் அங்கே நிற்பார் என்றால், 2,500 ரூபாயோடு தினமும் நிற்பவரே மேல்.

நமக்குப் பாலம் கட்டப் பணம் தந்த யப்பானின் கதை இங்கே பொருந்தும். 1970இல் அங்கே வீதியில் இறந்தவர்கள் 16,765 பேர். அதே ஆண்டில் போக்குவரத்துப் பாதுகாப்புக்கென்று அடிப்படைச் சட்டம் இயற்றினார்கள். மக்களுக்குப் புத்தி சொல்வதோடு நிற்காமல் நடைபாதை, தடுப்புவேலி, சமிக்ஞை விளக்கு, பாடசாலை வழி என்று கல்லிலும் இரும்பிலும் பணத்தைப் போட்டார்கள். 1979இல் மரணம் பாதியாகி 8,466 ஆனது. அத்தோடு அசந்துவிட்டார்கள் போலும், மறுபடி ஏறி 1990களின் தொடக்கத்தில் 11,000ஐத் தாண்டியது. திரும்பவும் இறக்கினார்கள். 2022இல் 2,610. அது 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்களின் கணக்கு, முப்பது நாள் கணக்கெடுத்தால் இன்னும் சில நூறு கூடும். அப்படியே கூட்டினாலும், 12 கோடி மக்கள் உள்ள யப்பானும் 2 கோடியே 20 லட்சம் மக்கள் உள்ள இலங்கையும் வீதியில் கொடுக்கும் உயிர்கள் ஏறக்குறைய ஒரே அளவு.

எண்களைப் பற்றிப் பேசுவதால் நீரிணைக்கு அப்பாலும் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் 2016இல் 17,218 ஆக இருந்த வீதி மரணம் 2019இல் 10,525 ஆகக் குறைந்ததாகப் பதிவானது. இந்தியா முழுவதும் அதை முன்மாதிரி என்றார்கள். 2022இல் பதிவான எண் 17,884. மூன்று ஆண்டில் சாரதிகளெல்லாம் கெட்டுப்போனார்களா, அல்லது இடையில் கணக்கு எழுதிய விதத்தில் ஏதாவது விடுபட்டதா என்ற ஐயம் எழுந்தது, எழத்தான் செய்யும். மேலதிகாரி இறக்கச் சொன்னால் எண்ணை இறக்கிக் காட்டுவது மரணத்தை இறக்குவதைவிட இலகு. எனவே பொலிஸ் கணக்கை வைத்தியசாலைக் கணக்கோடும் மரணப் பதிவோடும் ஒப்பிட்டுப் பார்க்காத எந்த வெற்றியையும் நான் பாதி நம்பிக்கையோடுதான் கேட்பேன். மன்னாரில் அடிபட்டு யாழ்ப்பாணத்தில் பத்தாம் நாள் இறக்கும் ஒருவர் எந்த மாவட்டத்தின் கணக்கில் வருகிறார்?

ஆனால் அதே தமிழ்நாட்டிடமிருந்து கற்க ஒன்று இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்தில் காயமடைந்தவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. நமக்கு வைத்தியம் இலவசம், பணப் பிரச்சினை அவ்வளவு இல்லை. நமது பிரச்சினை தூரம். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்குக்கு வந்தது, அது பெரிய காரியம். காயமடைந்தவரை ஓட்டோவில் மடித்துப்போட்டுக் கொண்டோடிய காலம் மாறியிருக்கிறது. ஆனால் கடும் தலைக்காயத்தை மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ அனுப்புகிறார்கள். இரண்டுமே நூறு கிலோமீற்றருக்கு மேல். மூளையில் இரத்தம் கசியும் ஒருவருக்கு அந்த இரண்டு மணி நேரம் என்னவென்று டொக்டர்மாரைக் கேளுங்கள். இந்திய நன்கொடை 60 கோடி ரூபாயில் மன்னார் வைத்தியசாலைக்கு விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவு கட்ட 2025இல் உடன்படிக்கை கையெழுத்தாகியிருக்கிறது. கட்டடம் எழும், சந்தேகமில்லை. நிபுணர்களை இங்கே தங்கவைக்க விடுதியும் அவர்கள் பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலையும் இல்லாவிட்டால், ஆறே மாதத்தில் அவர்கள் இடமாற்றம் கேட்பார்கள் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மடு ஆவணித் திருவிழாவை யோசித்துப் பாருங்கள். லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். அந்த நாட்களில் வாகனத் தரிப்பிடம் எங்கே, நடந்து வருவோர் எந்தப் பக்கம், அம்புலன்ஸ் எங்கே நிற்பது, எந்தத் திணைக்களத்துக்கு எது பொறுப்பு என்று அரசாங்க அதிபர் தலைமையில் முன்கூட்டியே கூட்டம் வைத்துத் தீர்மானிக்கிறார்கள், அது நடக்கவும் செய்கிறது. சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்திலும் அப்படித்தான். எல்லாத் திணைக்களத்தையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் திறமை இந்த மாவட்டத்துக்கு இருக்கிறது. அது திருவிழா முடிந்ததும் கலைந்துவிடுகிறது. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் மாதம் ஒரு தடவை, அந்த மாதத்தில் இறந்தவர்கள் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதனோடு மோதி இறந்தார்கள் என்பதை மட்டும் வரைபடத்தில் வைத்துப் பேசினால், மாடும் கல்லும் கடவையும் தாமாகவே நிகழ்ச்சிநிரலில் ஏறிவிடும்.

அப்படியானால் பொலிஸுக்கு வேலையில்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் நிற்கும் இடம் மாறவேண்டும். வேகம் அளக்கும் கருவியோடு இப்போது அவர்கள் பெரும்பாலும் நிற்பது ஆளில்லாத நேர் வீதியில், மர நிழலில். அங்கே பிடிப்பது சுலபம், எண்ணிக்கையும் சேரும். ஆனால் ஆட்கள் சாவது பேசாலைச் சந்தை வாசலில், தேவாலயம் விட்டுச் சனம் வீதியைக் கடக்கும் இடத்தில், வங்காலையிலும் எருக்கலம்பிட்டியிலும் பிள்ளைகள் சைக்கிளில் வீதிக்கு ஏறும் ஒழுங்கை வாயில். அந்த இடங்களுக்கு 200 மீற்றர் முன்பிருந்தே வேகம் 30க்கு இறங்கவேண்டும். அதற்குப் பலகை மட்டும் போதாது. வீதியின் இருமருங்கையும் ஒடுக்கி, பாதசாரிக் கடவையை அரை அடி உயர்த்திக் கட்டினால், பொலிஸ் வீட்டுக்குப் போன பிறகும் அது வேலை செய்யும். வீதி அபிவிருத்தி அதிகார சபை ஏ-தரப் பெருவீதியில் அப்படிச் செய்யத் தயங்கும், பெருவீதி என்றால் தடையின்றி ஓடவேண்டும் என்பது அவர்கள் பாடப்புத்தகம். பேசாலையில் ஏ-14 பெருவீதி அல்ல, ஊரின் முற்றம் என்று அவர்களுக்கு எழுதிக் கேட்கவேண்டியது பிரதேச சபையும் பங்குச் சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும்தான். அந்தக் கடிதத்தின் மாதிரி ஒன்றைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் மேசையில் எடுத்துக்கொள்ளலாம்.